சம்பளம் வாங்காதவர்களின் நாற்காலி

எங்கள் ஊர்த் தியான இல்லத்தின் நிர்வாகக் குழுவில் நான் தலைவராக இருந்த ஆறு ஆண்டுகள், போன மாதம் நடந்த பொதுக்குழுவோடு முடிந்தன. தீர்மானப் புத்தகத்தையும் பீரோச் சாவியையும் காசோலைப் புத்தகத்தையும் புதிய தலைவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, அஞ்சலகத்தில் ஓய்வுபெற்ற நாளில் இருந்ததைவிட மனம் கனத்திருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் சம்பளத்துக்குப் பார்த்த வேலையை விட்டு வரும்போது தோன்றாத வருத்தம், ஒரு பைசா வாங்காமல் பார்த்த வேலையை விடும்போது ஏன் தோன்ற வேண்டும்? இரண்டு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. கிழக்கே கொஞ்ச தூரம் போய் வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டிலும் கடையிலும் தமிழ், தாலுகா அலுவலகத்தில் மலையாளம் என்று வாழ்ந்து பழகியவர்கள் நாங்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் தோப்பில் இரண்டு ஏக்கரை ஒதுக்கி, ஓட்டுக்கூரை போட்ட ஒரு கூடத்தைக் கட்டி, மாதம் மூன்று நாள் மௌனத்தில் இருக்க விரும்புகிறவர்கள் வரலாம் என்று தொடங்கியதுதான் இந்த இல்லம். கட்டணம் கிடையாது. கூடத்துக்கு வெளியே ஒரு மரப்பெட்டி இருக்கும், முடிந்ததைப் போடலாம். பக்கத்துத் தோப்பில் கள் இறக்குகிறவர்கள் விடியற்காலையில் தென்னம்பாளையைத் தட்டும் சத்தம் கூடத்துக்குள் சீராகக் கேட்கும். நகரத்திலிருந்து வந்த ஒருவர் மௌனம் முடிந்த மூன்றாம் நாள் முதல் கேள்வியாக, அது என்ன பறவை என்று என்னிடம் கேட்டார்.

ஆசிரியர் இருந்தவரை நிர்வாகம் என்ற ஒன்று தேவைப்படவில்லை, அல்லது தேவைப்பட்டது எங்கள் கண்ணில் படவில்லை. அவர் காலமான பிறகுதான், நிலத்துக்குத் தான ஆதாரம், அதாவது தானப் பத்திரம், பதிவாகியிருந்தும் வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு செய்யப்படாமல், அதாவது தமிழ்நாட்டில் பட்டா மாறுதல் என்பார்களே அது நடக்காமல், நிலவரி இன்னும் அவர் பெயரிலேயே கட்டப்பட்டு வந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு அலைந்தோம். பற்றற்றவர்களின் இடத்துக்குப் பத்திரம் எதற்கு என்று அப்போது ஒருவர் கேட்டார். திருவண்ணாமலையில் ரமணரே 1938-இல் உயில் எழுதி, ஆசிரம நிர்வாகத்தைத் தம்பி நிரஞ்சனானந்த சுவாமியிடம் ஒப்படைத்ததை அவருக்கு நினைவூட்டினேன். கோவணம் ஒன்றே உடைமை என்று வாழ்ந்தவரும் தமக்குப் பின் அந்த இடத்தை யார் பார்ப்பார்கள் என்பதைக் காகிதத்தில் எழுதத்தான் வேண்டியிருந்தது.

எங்கள் அமைப்பு ஒரு சங்கமாகப் பதிவுசெய்யப்பட்டது. சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது என்பதால், மலபார் பகுதியில் செல்லும் 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் எங்களுக்கு இல்லை; 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டம்தான். பதிவுக்கு ஏழு பேர் கையெழுத்து வேண்டும். ஏழு பேரில் ஐந்து பேர் தமிழர், இருவர் மலையாளிகள். எங்கள் செயலாளர் மாஷ் (மலையாளத்தில் வாத்தியார்), பக்கத்துப் பள்ளியில் மலையாளம் கற்பித்து ஓய்வுபெற்றவர். தீர்மானத்தை மலையாளத்தில் எழுதி, எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவார். கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத உரிமை தருகிறது என்பதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது, மாஷ்தான் முதலில் மகிழ்ந்தார். பாதி வேலை குறைந்ததே என்று அவருக்கு நிம்மதி.

இவையெல்லாம் பழகிவிடக்கூடிய வேலைகள். பொதுக்குழு கூடிய பின் நிர்வாகிகளின் பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்புவது, நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை பெற 80ஜி ரசீது கேட்பவரிடம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது என்று பொறுமையாகச் சொல்வது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட பழைய மாணவர் ஒருவர் அனுப்ப முன்வந்த பணத்தை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் எங்களுக்குப் பதிவு இல்லாததால் வேண்டாம் என்று வருத்தத்தோடு எழுதுவது, இதெல்லாம் ஓர் ஆண்டில் கைவந்துவிடும். பழகவே முடியாதது வேறு ஒன்று. சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள் தங்கள் கூலியை அதிகாரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே அது. யாரும் தெரிந்து செய்வதில்லை. காலை நான்கரை மணிக்கு மணி அடிக்கும் பொறுப்பை எங்களில் ஒருவர் பதினோரு ஆண்டுகளாக வைத்திருந்தார். அவர் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் வேறொருவர் அடித்துவிட்டார் என்பதற்காக இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைப் பற்றி வீட்டில் சொல்லிச் சிரித்தவள்தான் நான்.

நான் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டு மார்ச் மாதம் ஆழ்குழாய்க் கிணறு வற்றியது. எங்கள் பகுதியின் தண்ணீர்க் கதை தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். அது எப்போது, எவ்வளவு வரும் என்பது ஒவ்வொரு கோடையிலும் செய்தி. நிலத்தடி நீரோ அளவுக்கு மீறி எடுக்கப்பட்டு, சித்தூர் வட்டாரமே 2002-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக இருக்கிறது. இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நாற்பது பேர் மௌனத்துக்கு வருகிறார்கள், தொட்டியில் இரண்டு சாண் தண்ணீர்தான் இருக்கிறது என்றதும், பொள்ளாச்சியில் ஆழ்குழாய் துளைக்கும் போர் வண்டி வைத்திருக்கும் என் அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். குழுவில் யாரையும் கேட்கவில்லை. பணத்தை முதலில் நான் போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தியாகம் செய்வதாகவே நினைத்தேன் என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. கூடவே கம்ப்ரசர் லாரியும் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் பையன்கள் இரும்புக் குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, குழுவின் மூத்த உறுப்பினர், வில்லேஜ் ஆபீசில் நாற்பது ஆண்டு இருந்தவர், டிவிஎஸ் ஐம்பதில் வந்து இறங்கினார். யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கதவில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். பிறகு என்னிடம் வந்து, சத்தம் போடாமல், “ஏனுங்க அம்மணி, இதுக்குத் தீர்மானம் எப்பப் போட்டீங்க?” என்றார்.

“அவசரம்ங்க ஐயா. வெள்ளிக்கிழமை ஆள் வர்றாங்க.”

“அனுமதி?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் வேறு எதுவும் கேட்கவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திண்ணைக்கும் வண்டிக்கும் நடுவில் நின்ற பத்து நிமிடத்தைப் போல நீண்ட தியானத்தை அந்த இடத்தில் நான் செய்ததில்லை. முதலில் கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் இங்கே வந்து உழைக்கிறவளை, மாதம் ஒரு கூட்டத்துக்கு வந்து போகிற மனிதர் கேள்வி கேட்பதா என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததுமே, மணி அடிப்பவரின் முகம் நினைவுக்கு வந்தது.

குழாய்களைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். வண்டி வாடகையை என் கையிலிருந்து கொடுத்தேன். அண்ணன் வீட்டில் அந்தப் பேச்சு அடங்க ஒரு வருடம் ஆனது. வெள்ளிக்கிழமை வந்த நாற்பது பேரும் டேங்கர் லாரித் தண்ணீரில் குளித்தார்கள். அனுமதிக்கு முறைப்படி விண்ணப்பித்து, மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி, குழுவில் வைத்து, அந்தத் தீர்மானம் வந்தபோது நான் வெளியே எழுந்து போய் நின்று, கடைசியில் வேறொருவருக்கு அந்த வேலை போனது. அந்த ஆண்டு எங்கள் தணிக்கையாளர் எனக்கு ஒன்றை விளக்கினார். சங்கத்தின் பொறுப்பில் இருப்பவருக்கோ அவர் உறவினருக்கோ சங்கப் பணம் நியாயமான அளவுக்கு மேல் போனால், அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வரிவிலக்கில் கைவைக்கும். அண்ணன் மகன் எனக்காக விலையைக் குறைத்துத்தான் சொல்லியிருந்தான். இருந்தாலும் அது நியாயமான விலைதான் என்று காட்ட, மற்ற இரண்டு விலை இல்லாமல் எதை வைத்துக் காட்டுவது?

இன்னொன்று சமையலறையில் நடந்தது. அங்கே சமைக்கும் பெண்ணுக்கு ஆசிரியர் காலத்திலிருந்தே மாதம் ஒரு தொகையைத் தட்சிணை என்று சொல்லிக் கொடுத்து வந்தோம். தட்சிணை என்றதாலேயே அது எவ்வளவு குறைவு என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்கும் வேலைக்குப் போனால் அதைவிட அதிகம் கிடைக்கும். ஒரு நாள் பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே அவர் சொன்னார்: “நீங்கெல்லாம் சேவைன்னு வர்றீங்கம்மா. நான் சேவைக்கு வரலீங்க, வேலைக்கு வந்தேனுங்க.” குரலில் புகார் இல்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அடுத்த கூட்டத்தில் இதை வைத்தபோது எதிர்ப்பு வந்தது பணத்தைப் பற்றி அல்ல. “நாமே சும்மாதானே செய்கிறோம்” என்றார்கள். நாம் சும்மா செய்வதற்கு நமக்கு ஓய்வூதியம் வருகிறது, மகன் பணம் அனுப்புகிறான், தோப்பில் காய் விழுகிறது; அவருக்கு எது வருகிறது என்று மாஷ் கேட்டபோதுதான் கூட்டம் அமைதியானது. ஊரில் சமையலுக்கு என்ன நாள்கூலியோ அதுவே இங்கும் என்று முடிவாயிற்று. பெட்டியில் விழும் காசு போதாததால் மே மாதத் தியானத்தை நிறுத்தினோம். அந்த மாதம் தண்ணீருக்கும் சிரமம்தான்.

தியானம் கற்றுத் தருகிறவருக்கும் குழுவுக்கும் இடையே ஒரே ஒரு முறைதான் உரசல் வந்தது. இளைஞர் ஒருவர் இரண்டாம் நாள் இரவில் அழத் தொடங்கி, நிறுத்த முடியாமல், செருப்புகூட இல்லாமல் சாலையில் இறங்கி நடந்துவிட்டார். அவர் வீட்டுத் தொலைபேசி எண் எங்களிடம் இல்லை. தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டு வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு, வருகிறவர்கள் தங்கள் உடல், மன நலம் பற்றியும் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பது பற்றியும் ஒரு படிவத்தில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். நாடி வருகிறவர்களிடம் விண்ணப்பம் கேட்பதா என்று தியானம் கற்றுத் தருகிறவருக்கு மனம் ஒப்பவில்லை. எப்படி உட்காருவது என்பதை நீங்கள் சொல்லுங்கள், யார் உட்காரலாம் என்பதற்கு நாங்களும் பொறுப்பு என்றேன். படிவம் இப்போதும் இருக்கிறது.

போர் வண்டி வந்த இரவுக்குப் பிறகு நான் கொண்டுவந்த விதிதான், எந்தப் பொறுப்பிலும் ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல், அதாவது ஆறு ஆண்டுகளுக்கு மேல், இருக்கக் கூடாது என்பது. மணி அடிப்பதற்கும் அது பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தேன். எல்லோரும் சிரித்து ஒப்புக்கொண்டார்கள், மணிக்காரர் உட்பட. ஆறாம் ஆண்டு முடியும்போது எனக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடுக்கச் சொல்லி யாராவது பேசுவார்கள் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். பொதுக்குழுவில் ஒருவர் எழுந்தார். நன்றி சொன்னார். சால்வை போட்டார். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

நேற்று புதிய தலைவரிடமிருந்து வாட்சப்பில் கூட்ட அறிவிப்பு வந்தது. தொட்டியை இடித்துப் பெரிதாகக் கட்டுவது நான்காவது பொருள். அது தேவையில்லை, கூரைத் தண்ணீரைச் சேமித்தாலே போதும் என்பது என் கணக்கு. மூன்று முறை தட்டச்சு செய்து அழித்தேன். குழுவில் இல்லாத சாதாரண உறுப்பினர் தம் கருத்தை எழுத்தில் செயலாளருக்குத் தர வேண்டும் என்பது நாங்களே எழுதிய விதி. ஒரு இன்லண்டு கவர் எடுத்து, மாஷ் பெயருக்கு, தமிழில், எட்டு வரி எழுதிப் போட்டிருக்கிறேன்.