அசைவின்மைக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்கள்

தேங்கிய நீரை ஆங்கிலத்தில் 'ஸ்டாக்னன்ட்' என்பர். வளராத பொருளாதாரத்துக்கும் அதுவே சொல். நகராது நிற்கும் வண்டி 'ஸ்டேஷனரி'. எழுதுபொருளைக் குறிக்கும் சொல்லுக்கும் இதே வேர்தான், ஏனெனில் இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் கடை வைத்திருந்த நூல் வணிகர்களுக்கு அவ்வேரிலிருந்தே பெயர் அமைந்தது.

என்னை மிகவும் ஈர்த்தவை மாலுமிகளின் சொற்கள். காற்றின்றிப் பாய்மரக் கப்பல் நின்றுவிடுவது 'பிகாம்ட்'. நிலநடுக்கோட்டை ஒட்டி, இரு அரைக்கோளங்களின் வணிகக் காற்றுகளும் சந்தித்து மேலெழுவதால் கடற்பரப்பில் காற்று ஓய்ந்துபோகும் பகுதிக்கு 'டோல்ட்ரம்ஸ்' என்று பெயர். அங்கே சிக்கிய கப்பல்கள், குடிநீர் குறையக் குறைய, நாட்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. முதலில் மனச்சோர்வைக் குறித்த அந்தச் சொல், பின்னரே அக்கடற்பகுதியின் பெயரானது என்பது எனக்குப் பெரும் வியப்பளிக்கிறது.