கோட்டுக்கு வெளியே ஒட்டிய கடல்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்பு வெள்ளவத்தைக் கடலைப் பார்த்தவர்களுக்கு அதன் நிறம் தெரியும். கரையோரம் கலங்கிய மண்ணிறம், அதற்கு அப்பால் சாம்பல், அலை உடையும் இடத்தில் அழுக்கு வெள்ளை. நீலம் எங்குமே இருக்காது. என் முன்பள்ளி வகுப்பில் ஒரு சிறுவன் தாளில் ஒட்டியிருந்ததும் இதே நிறங்களைத்தான். கடலோர மெரைன் டிரைவ் வழியாகத்தான் அவன் தினமும் வருகிறான். இதை அவனுடைய அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சு அந்தப் பக்கம் போகவே இல்லை.

அன்றைக்குக் கிழித்து ஒட்டும் வேலை. மீனின் வெளிக்கோடு வரைந்த தாள் ஆளுக்கு ஒன்று. நடுவில் வர்ணக் கடதாசி, பழைய பத்திரிகை, கோதுமை மாவில் காய்ச்சிய பசை. துண்டுகளை மீனுக்குள் ஒட்டவேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

கடதாசி கிழிப்பதைப் பொழுதுபோக்கு என்று நினைக்கிற பெற்றோர் பலர். இரண்டு கைகளின் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பிடித்து, ஒரு கை முன்னாலும் மற்றது பின்னாலும் இழுக்கவேண்டும். பென்சிலைப் பிடிக்கப் போவதும் இதே விரல்கள்தான். வளர்ந்தவர்களின் மணிக்கட்டில் இருக்கும் 8 சிறிய எலும்புகளில் சில, நான்கு வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து அகரம் எழுது என்பதற்கு முன் கிழிக்கவும் பிசையவும் மணி கோர்க்கவும் விடுகிறோம். இதை எத்தனை கூட்டங்களில் சொன்னாலும், "கொப்பியில் எப்போது எழுதுவார்கள், டீச்சர்?" என்ற கேள்வி வரத்தான் செய்கிறது.

அவன் பத்திரிகைத் தாளை எடுத்து ஒரு பக்கமாகக் கிழித்தான், கோணலாகப் போனது. தாளைத் திருப்பி மறுபக்கமாகக் கிழித்தான். நீளமாக, நேராக வந்தது. பத்திரிகைக் கடதாசிக்கு அப்படி ஓர் ஓட்டம் உண்டு. யாரும் அவனுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை. அதன்பிறகு நீளத் துண்டுகளாகவே கிழித்தான். பழுப்புக் கடதாசியைத் தாளின் அடியில் ஒட்டி, அதன்மேல் பத்திரிகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறினாற்போல் வைத்துக்கொண்டு போனான். எல்லாமே கோட்டுக்கு வெளியே. மீன் வெறுமையாக, வெள்ளையாக இருந்தது.

"மகன், மீனுக்கு ஒன்றும் ஒட்டவில்லையா?" என்று கேட்டேன்.

"இது கடல், டீச்சர். மீன் உள்ளே இருக்கிறது" என்றான்.

நான் அதைச் சுவரில் மாட்டினேன். மற்றப் பிள்ளைகளின் சிவப்பும் மஞ்சளுமான மீன்களுக்கு நடுவில் அது நன்றாகத் தெரியும்படி மாட்டினேன் என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

பள்ளி விடும் நேரத்தில் அவனுடைய அம்மா சுவரைப் பார்த்தார். "மகனுக்கு விளங்கவில்லையா, டீச்சர்?" என்றார்.

"விளங்கியது, அம்மா. நான் சொன்னதைத்தான் மகன் செய்யவில்லை" என்றேன்.

சிரித்த முகத்தோடுதான் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். என் காதில் அது பாராட்டு. அவர் காதில் அது என்னவாக விழுந்திருக்கும் என்று இரவு சமைக்கும்போதுதான் யோசித்தேன். தரம் 1க்கு விண்ணப்பம் போட்ட கையோடு இருக்கிற அம்மா அவர். ஜனவரி 31க்குள் பிள்ளைக்கு 5 வயது நிறைந்துவிடும். அதன்பிறகு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வரைக்கும் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளைக்குத்தான் வாழ்வு என்று அவர் நினைத்தால், அந்த நினைப்பை அவர் ஒன்றும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த கிழமை பூவின் வெளிக்கோடு கொடுத்தேன். அவன் சிறு துண்டுகளாகக் கிழித்து, கோட்டுக்கு உள்ளே, ஒரு துண்டும் வெளியே போகாமல் ஒட்டினான். ஒவ்வொரு துண்டுக்கும் என்னை நிமிர்ந்து பார்த்து, "சரியா, டீச்சர்?" என்று கேட்டான். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா ஏசினாரோ, அன்பாகச் சொல்லிக் கொடுத்தாரோ, ஒன்றுமே சொல்லவில்லையோ. நான் சொன்னதை அவனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

எங்கள் தலைமை ஆசிரியை, "அவன் முன்னேறியிருக்கிறான், அதற்கு ஏன் முகம் வாடுகிறாய்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கோட்டுக்குள் நிற்பதும் கைக்கு ஒரு பயிற்சிதான். கொழும்பில் எந்த முன்பள்ளியையும் மொண்டிசோரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த அதே மரியா மொண்டிசோரி, உலோகச் சட்டங்களைச் சுற்றிக் கோடு வரைந்து அதன் உள்ளே பென்சிலால் நிரப்பும் வேலையைத்தான் எழுத்துக்கு ஆயத்தமாக வைத்தார். பிள்ளையின் சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு பேசியவருக்கே கோடு வேண்டியிருந்தது. அப்படியானால் அவன் அம்மா கேட்டதில் என்ன பிழை?

பிழை இல்லை என்றுதான் சொல்கிறேன். ஆனால் கடதாசியைத் திருப்பிக் கிழித்துப் பார்த்த அந்தப் பிள்ளை யாரிடமும் "சரியா?" என்று கேட்கவில்லை. கடதாசியே அவனுக்குப் பதில் சொன்னது. பூவை ஒட்டியவனுக்கு என் முகம் பதில் சொல்லவேண்டியிருந்தது. கையில் வந்த திறமை ஒன்றுக்காக, தானே செய்து பார்க்கிற அந்தக் குணம் போகவேண்டுமா, அல்லது இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் கடந்து போகிற ஒரு கட்டமா இது? அதே வாரம் வேறு இரண்டு பிள்ளைகளும் என்னிடம் "சரியா?" என்று கேட்டார்கள், அவர்களைப் பற்றி நான் இப்படி யோசிக்கவில்லை. இவனைப் பற்றி மட்டும் யோசிப்பதற்கு அந்தக் கடல் மேல் எனக்கிருந்த ஆசையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது வெளிக்கோடு வரைந்த தாளையும் வெறும் தாளையும் மேசையில் சேர்த்தே வைக்கிறேன். சிலர் இதை எடுக்கிறார்கள், சிலர் அதை எடுக்கிறார்கள். அவன் எப்போதும் கோடு போட்டதையே எடுக்கிறான். நன்றாகவும் ஒட்டுகிறான், அம்மாவுக்கும் சந்தோஷம். வெறும் தாளை எடு மகன் என்று வாய்வரை வரும். சொன்னால் உடனே எடுப்பான். நான் சொல்லி எடுத்த தாளில் அவன் எனக்காகத்தான் ஒட்டுவான் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.