இயா பள்ளத்தாக்கு: கொடிப் பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள்

நானும் தம்பியும் இயாவிலிருந்து நேற்று இரவுதான் ஒசாகா வந்து சேர்ந்தோம். துவைக்கப் போட்டிருக்கும் துணியில் இன்னும் வெந்நீர் ஊற்றின் கந்தக வாடை. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தரச் சொல்லி அலுவலகத்தில் ஒரு தோழி கேட்டிருக்கிறாள். வரிசையாகத்தான் தொடங்குகிறேன்.

இயா இருப்பது ஷிகோகு தீவின் நடுவில், டோகுஷிமா மாகாணத்தில். ஷிரகாவா-கோ, ஷீபா என்ற மலை ஊர்கள் இரண்டோடும் சேர்த்து ஜப்பானின் மூன்று மறைவிடங்கள் என்று இதைச் சொல்வார்கள். ஒகயாமாவிலிருந்து கோச்சி போகும் நான்பூ விரைவு ரயிலில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஓபோகே நிலையம். 1988-இல் திறந்த செட்டோ பெரும்பாலத்தில் கடலைக் கடந்து, பிறகு யோஷினோ ஆற்றை ஒட்டியே ரயில் போகிறது. ஓபோகே என்ற பெயருக்கு, பெரிய அடி வைத்தால் ஆபத்து என்று பொருள் சொல்கிறார்கள். பக்கத்திலேயே கோபோகே, அங்கே சின்ன அடி வைத்தாலும் ஆபத்தாம். ஆற்றின் இரு கரையிலும் நிற்கும் பாறையைப் பார்த்தால் பெயர் சரிதான். 2017-இல் உலக ராஃப்டிங் போட்டி நடந்தது இந்த ஆற்றில்தான். நாங்கள் அரை மணி நேரப் படகுச் சவாரி மட்டும் போனோம். தண்ணீர் மரகதப் பச்சை, படகு மெதுவாகப் போய்த் திரும்புகிறது. நன்றாக இருந்தது, ஆனால் நேரம் குறைவென்றால் இதை விட்டுவிடலாம்.

அடுத்து கொடிப் பாலம், கசுராபாஷி. ஓபோகேயிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். பாலத்துக்கு மேலே கான்கிரீட்டில் மாபெரும் வாகன நிறுத்துமிடம் கட்டி, டூர் பஸ்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அழகான மலைச்சரிவில் இப்படி ஒன்றைக் கட்ட எப்படித்தான் மனம் வந்ததோ! அந்தக் கோபத்தோடுதான் 550 யென் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். நம்மூர்க் கணக்கில் முந்நூறு ரூபாய்க்கு மேல்.

பாலத்தில் கால் வைத்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. 45 மீட்டர் நீளம், ஆற்றுக்கு மேலே 14 மீட்டர் உயரம். ஷிராகுச்சி என்ற காட்டுக்கொடியை முறுக்கிக் கட்டியது, கிவிப் பழத்துக்கு உறவான கொடி அது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். உள்ளே இரும்பு வடம் மறைந்திருக்கிறது என்று தெரிந்தும் பயம் குறையவில்லை. கட்டைகளுக்கு இடையில் நடைபலகை எதுவும் கிடையாது, ஒரு பாதம் உள்ளே போகிற அளவுக்கு வெறும் இடைவெளிதான். அதன் வழியே பார்த்தால் நேராக ஆறு.

"அக்கா, கீழ பார்க்காத. என் முதுகைப் பார்த்துட்டே வா" என்றான் தம்பி. கீழே பார்க்காமல் கட்டையில் கால் வைப்பது எப்படி? ஒருவழிப் பாலம், பின்னால் ஒரு குடும்பமே காத்திருக்கிறது. கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வழியாகக் கரையேறினேன். 1185-இல் மினமோட்டோ குலத்திடம் தோற்ற தைரா குலத்தார் இந்த மலைகளில் வந்து ஒளிந்ததாகவும், எதிரி வந்தால் ஒரே வீச்சில் வெட்டிவிட இப்படிக் கொடியில் பாலம் கட்டியதாகவும் இங்கே கதை இருக்கிறது. நடுப்பாலத்தில் நின்றபோது அந்தக் கதையை முழுசாக நம்பினேன்.

அப்புறம்தான் பஸ் பிரச்சினை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் வார நாளும் விடுமுறை நாளும் ஒரே கட்டத்துக்குள். எந்த பஸ் எந்த நாளில் வராது என்பதை ஒரு சின்னப் புள்ளியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் புள்ளிக்கு விளக்கம் அடியில், எறும்பு அளவு எழுத்தில், ஜப்பானிய மொழியில் மட்டும். மூன்று வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், ஓரளவு படிப்பேன். எனக்கே இந்தக் கதி என்றால் வெளிநாட்டிலிருந்து நேராக வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஐம்பது நிமிடம் நின்றோம், பஸ் வரவே இல்லை. அன்றைக்கு அதற்குமேல் பஸ்ஸே கிடையாது என்று எதிர்க்கடை அம்மாதான் சொன்னார். டாக்சிக்குப் போன் செய்து கொடுத்ததும் அவர்தான். ஓட்டுநர் மீட்டர்படி ஒரு யென்கூடக் கூட்டாமல் வாங்கினார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மீட்டர் 5000 யென்னைத் தாண்டியது. இருவருக்கும் மறுநாள் மதியச் சாப்பாடும் பாலச் சீட்டும் சேர்ந்த காசு அது. இயாவுக்குப் போகிறவர்கள் பஸ்ஸை நம்பாதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தங்கியது ஒரு மின்ஷுகுவில், அதாவது வீட்டோடு சேர்ந்த சிறு விடுதி. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 10,000 யென். முன்பதிவு செய்யும்போது அதிகம் என்று நினைத்தேன், இரவுச் சாப்பாடு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. கூடத்தின் நடுவில் இரோரி என்னும் தரையடுப்பு. சாம்பலில் குத்தி நிறுத்திய குச்சிகளில் சின்ன உருளைக்கிழங்கு, கொன்யாக்கு என்னும் கிழங்கு மாவுக் கட்டி, டோஃபு மூன்றையும் செருகி, யூசு எலுமிச்சை கலந்த மிசோ என்னும் புளித்த சோயா விழுது தடவித் திருப்பித் திருப்பிச் சுடுகிறார்கள். பெயர் தெகோமவாஷி. குச்சியைத் திருப்புவது பொம்மலாட்டப் பொம்மையைத் திருப்புவது போலிருப்பதால் வந்த பெயர். இங்கத்து டோஃபு கல் மாதிரி, கயிற்றில் கட்டித் தூக்கிப் போகலாம் என்பார்கள். கிழங்கின் தோல் கருகி, உள்ளே வெண்ணெய் போல இருந்தது. நான் ஐந்து குச்சி சாப்பிட்டேன்.

தம்பி சுத்த சைவம். ஜப்பானில் அவனை வைத்துக்கொண்டு பயணம் போவது பெரிய பாடு. மீன் போடாத சாப்பாடு என்று கேட்டு வாங்கினாலும், சாற்றில் காய்ந்த மீன் சீவல் போட்ட தாஷி இருக்கும். இயா சோபா என்று பக்வீட் மாவில் செய்யும் தடித்த, சட்டென்று உடைகிற நூடுல்ஸ் இந்த ஊரின் பெருமை. அதுவும் அந்தச் சாற்றில்தான் வரும். ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் சொல்லியிருந்தேன், நம்பிக்கை இல்லை. விடுதிப் பாட்டி இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து, ஒன்றை அவன் முன்னால் வைத்து, "கொம்பு, கொம்பு" என்றார். கடற்பாசியை மட்டும் ஊறவைத்து அவனுக்கென்று தனியாகச் சாறு எடுத்திருக்கிறார். தம்பி அந்தச் சாற்றைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். இந்த நாட்டுக்கு வந்த பத்து நாளில் அவன் வயிறு நிறைந்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் நாள் ரயிலில் அவா-இகேடா போய் ஒரு கெய் கார், அதாவது ஜப்பானின் சின்னக் கார், வாடகைக்கு எடுத்தோம். இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி இங்கே செல்லும், வண்டியும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பழைய இயா சாலையில் 200 மீட்டர் பாறை விளிம்பில் சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலை ஒன்று உண்டு, 1968-இல் வைத்தது. அந்த விளிம்பில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும், சிலை ஒரு சாக்குதான். சற்றுத் தள்ளி ஒரு வெந்நீர் ஊற்று ஓட்டல். 42 டிகிரிச் சரிவில் சின்ன கேபிள் காரில் ஏறி 170 மீட்டர் கீழே இறங்கினால், ஆற்றின் விளிம்பிலேயே தொட்டி. ஆளுக்கு 2000 யென்னை ஒட்டி வாங்குகிறார்கள். தண்ணீர் கொதிக்காது, உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூட. அதனால் எத்தனை நேரமும் உட்காரலாம். உடலெங்கும் சின்னச் சின்னக் குமிழி ஒட்டிக்கொள்கிறது. தம்பி ஆண்கள் பக்கம் போகக் கூச்சப்பட்டான், போனவன் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை.

அங்கிருந்து மேலே 439-ஆம் எண் சாலை. தேசிய நெடுஞ்சாலை என்று பெயர், பல இடங்களில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போக வேண்டும். கொகுடோ என்றால் நெடுஞ்சாலை. அதே ஒலியில் வேறு எழுத்து போட்டால் கொடுஞ்சாலை. ஜப்பானியர்களே இந்தச் சாலையை அப்படித்தான் எழுதுகிறார்கள். முதல் பாலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வழியில் நாகோரோ. வயலில், பஸ் நிறுத்தத்தில், வீட்டுத் திண்ணையில் எங்கும் ஆள் உயரப் பொம்மைகள். ஒசாகாவிலிருந்து ஊர் திரும்பிய அயானோ ட்சுகிமி என்ற அம்மா, விதையைக் கொத்தும் பறவைகளை விரட்டத் தன் அப்பாவின் சாயலில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை செய்தார். அதில் தொடங்கி, இப்போது ஊரில் மனிதர்களைவிடப் பொம்மைகள் பல மடங்கு. பள்ளிக்கூடம் 2012-இல் மூடிவிட்டது. பொம்மைப் பிள்ளைகள் இன்னும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இணையத்தில் இதைப் பேய் ஊர் என்று போடுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம். அங்கே பேய் எதுவும் இல்லை, போனவர்களை மறக்க முடியாத ஒருவரின் கைவேலைதான் இருக்கிறது.

கடைசியில் இயாவின் உட்பகுதியான ஒகு-இயாவின் இரட்டைக் கொடிப் பாலம். கணவன் பாலம் 44 மீட்டர், மனைவி பாலம் 22 மீட்டர். இங்கே கான்கிரீட் இல்லை, கூட்டம் இல்லை. நிறம் மாறத் தொடங்கிய மேப்பிள் மரங்களுக்கு நடுவே நாங்கள் இருவர் மட்டும். பக்கத்தில் குரங்கு வண்டி என்ற மரப்பெட்டி. அதில் உட்கார்ந்து நாமே கயிற்றை இழுத்து ஆற்றைக் கடக்கலாம். மூன்று முறை போனேன். இங்கேயும் 550 யென்தான், முதல் பாலத்தைவிட இதற்குத்தான் அந்தக் காசு தகும். குளிர்காலம் முழுக்க மூடிவிடுவார்கள், நவம்பருக்குள் போய்விடுங்கள்.

திரும்பும்போது ஓச்சியாய் கிராமத்தில் நிறுத்தினோம். மலைச்சரிவில் ஒட்டவைத்தது போல வீடுகள், கடைசி வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் 390 மீட்டர் உயர வித்தியாசம். இந்தப் பகுதியில் படிக்கட்டு வயல் வெட்டுவதில்லை, சரிவிலேயே உழுகிறார்கள். மண் சரியாமலிருக்கக் கயா என்னும் உயரமான புல்லை வெட்டிப் போட்டு, சரிந்த மண்ணை மறுபடி மேலே இழுத்துவிடுகிறார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2018-இல் இந்த விவசாய முறையை உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு வீட்டு வாசலில் பாய் விரித்துக் கதிர் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்ததும் தம்பி, "அக்கா, ராகி!" என்று கத்திவிட்டான். ராகியேதான். விரல் விரித்த அதே கதிர். வீட்டுக்காரப் பாட்டி வெளியே வந்து, "யட்சுமடா" என்றார். எட்டுக் கிளை என்று பொருள். ஜப்பானியர்கள் கேழ்வரகுக்கு வைத்த பெயரே ஷிகோகுபியே, ஷிகோகுவின் சிறுதானியம். மாவாக்கிக் கிளறிக் காட்டுவது போல நான் கையால் சைகை செய்தேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு கதிரை எடுத்து என் கையில் வைத்தார்.

இன்று காலை வீடியோ அழைப்பில் அதை அம்மாயியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "ராகிதானே கண்ணு. இன்னும் நாலு நாள் காய வை, ஈரமா இருக்குது" என்றார்.