அப்பாவின் பல்லும் கோழிக் குழம்பும்

3 நவம்பர் 2025, திங்கள்

அப்பாவின் கீழ்ப் பொய்ப்பல் தொகுதி நேற்றிரவு கழுவும்போது கைநழுவிக் குளியலறைத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. மேல்தொகுதியும் பழையதாகித் தளர்ந்திருந்ததால் இரண்டையும் புதிதாகவே செய்துவிடலாம் என்று பல் மருத்துவர் கூறினார். அச்செடுத்து, மெழுகில் பொருத்திப் பார்த்து, முடித்துத் தர ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகுமாம். மனைவி மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஜொகூர் போயிருக்கிறாள்; 40 நாள் முடியாமல் அவள் வரப்போவதில்லை. ஆகவே பினாங்கின் ஆயர் ஈத்தாமில் உள்ள இந்த எட்டாம் மாடி வீட்டில், 86 வயதுப் பெரியவருக்கும், 61 வயதாகியும் முட்டை பொரிப்பதைத் தாண்டி அடுப்பறியாத எனக்கும் இரவுச் சோறு ஆக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

கஞ்சி போதும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் கிண்ணத்தைப் பார்த்ததுமே அப்பா, "எனக்கென்ன காய்ச்சலா, தம்பி?" என்று கேட்டார். தமக்குக் கோழிக் குழம்பு வேண்டும் என்றார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாள்களில் சம்பளம் வாங்கிய கையோடு ஒரு கோழி அடிப்பது வழக்கம் என்றும், பல் இல்லை என்பதற்காக நாக்கும் இல்லாமல் போய்விடாது என்றும் சொன்னார். எனக்கு மறுமொழி இல்லை.

5 நவம்பர், புதன்

இன்று சமைத்தது சாப்பிடத் தக்கதாக இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

பல் இல்லாதவருக்கு எலும்பில்லாத கறியே ஏற்றது, எவ்வளவு நேரம் வேகிறதோ அவ்வளவு மென்மையாகும் என்று நானே முடிவு செய்துகொண்டு, பேரங்காடியில் நெஞ்சுக்கறி அரைக் கிலோ வாங்கி, வெங்காயம், தக்காளி, புளி, உருளைக்கிழங்கு அனைத்தையும் ஒரே சட்டியில் இட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். கறி மென்மையாவதற்குப் பதிலாக நார்நாராகப் பிரிந்தது. அப்பா அதைக் கன்னத்துக்குக் கன்னம் மாற்றிப் பார்த்துவிட்டு, வெற்றிலைச் சக்கையைப் போலத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். உருளைக்கிழங்கோ ஒரு மணி நேரம் கொதித்த பிறகும் நடுவில் விறைப்பாகவே இருந்தது. குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்து கொடுத்ததில் பாதி வயிறு நிறைந்தது.

6 நவம்பர், வியாழன்

தமிழ்ப்பள்ளியில் 30 ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்தவன் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். நெஞ்சுக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு. சூடு ஏற ஏறத் தசைநார்கள் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அதன் பிறகு எவ்வளவு நேரம் குழம்பில் கிடந்தாலும் அந்த நீர் திரும்பி உள்ளே போவதில்லை. தொடைக்கறி அப்படியன்று. அதிலுள்ள கொலாஜென் என்னும் புரதம் 70 பாகை செல்சியசுக்கு மேல் மெல்ல மெல்லக் கரைந்து, பசை போன்ற ஜெலட்டினாக மாறி, நார்களுக்கிடையே வழுவழுப்பைத் தருகிறது. நோய்க்கிருமிகள் அழிவதற்கு 74 பாகை போதும். ஆனால் தொடை உண்மையில் இளகுவதற்கு 85, 90 வரையில் போக வேண்டும். நெஞ்சுக்கறிக்கு அந்தச் சூடே கேடு.

உருளைக்கிழங்கின் பிடிவாதத்துக்குக் காரணம் புளியும் தக்காளியும். காய்களின் உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரைவதில்லை. கிழங்கு வெந்த பிறகே புளிப்பைச் சேர்க்க வேண்டும் என்பது இதன் பொருள். தொலைபேசியில் மனைவியிடம் இவற்றையெல்லாம் விளக்கியபோது, "கிழங்க முதல்ல வேகவைக்கணும்னு சொல்றதுக்கு இவ்வளவு பேச்சாங்க?" என்று கேட்டாள்.

8 நவம்பர், சனி

காலையில் ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் போனேன். கோழிக்கடைக்காரர் நெஞ்சா தொடையா என்று மலாயில் கேட்டார். தொடை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வெட்டுக்கத்தியை ஓங்கிவிட்டார். குழம்புக்கு என்றால் சிறு துண்டுகளாக நறுக்கித் தள்ளுவதே இங்கு வழக்கம். அவசரமாகக் கையைக் காட்டி நிறுத்தினேன். அப்படி நறுக்கும்போது எலும்பு சிலாம்பு சிலாம்பாகத் தெறித்துக் குழம்பில் கலந்துவிடும். பல் உள்ளவர் நாக்கால் துழாவிக் கடைவாயில் பிடித்துத் துப்பிவிடுவார். அப்பாவுக்கு அது நேரே தொண்டைக்குப் போகும். மூட்டில் மட்டும் பிரித்து, ஆறு முழுத் தொடைகளாக வாங்கினேன்.

விலையைப் பற்றி அவர் புலம்பினார். 2022 ஜூன் முதல் தேதி, மாதத்துக்கு 36 லட்சம் கோழிகள் வரையிலான ஏற்றுமதியை மலேசிய அரசாங்கம் நிறுத்தியதும், அடுத்த மாதம் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று உச்சவரம்பு வைத்ததும், 2023 நவம்பர் முதல் தேதி அந்த வரம்பையும் உதவித்தொகையையும் ஒருசேர நீக்கியதும் அவருக்குத் தம் பிள்ளைகளின் பிறந்தநாளைப் போல மனப்பாடமாக இருந்தன. வரம்பு இருந்தபோதும் அவர் புலம்பியவர்தாம்.

வீட்டுக்கு வந்ததும் கழுவுவதா வேண்டாமா என்ற வழக்கு எழுந்தது. மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும் என்பது மனைவியின் கட்டளை. பச்சைக் கோழியைக் குழாயின் கீழ் அலசினால் கிருமி போவதில்லை, தெறிக்கும் நீரோடு தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் அது பரவுகிறது என்பதே உணவுப் பாதுகாப்பு அறிந்தவர்களின் கருத்து. கிருமியைக் கொல்வது அடுப்புதான். நான் கழுவவில்லை. ஈரத்தைத் தாளால் ஒற்றியெடுத்து, ஒரு கிலோவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் சிறிது மஞ்சளும் தடவி, மூடி, குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் இரவு முழுவதும் வைத்தேன். உப்பு இவ்வாறு ஊறினால் கறி தன் நீரை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. மஞ்சள் தடவியாயிற்று என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன், அது பொய்யன்று.

9 நவம்பர், ஞாயிறு

இன்றைய குழம்பை மறக்குமுன் முழுமையாக எழுதி வைக்கிறேன்.

குவாலி என்னும் வாணலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, தொடைகளைத் தோல் அடியில் படுமாறு வைத்துப் பொன்னிறமாகும் வரை அசைக்காமல் விட்டேன். பின்னர் அவற்றை எடுத்துவிட்டுத் தோலை உரித்துக்கொண்டேன். தோல் அப்பாவுக்கு வழுக்கும், ஆனால் அதிலிருந்து உருகிய கொழுப்பு குழம்புக்கு வேண்டும். அந்தக் கொழுப்பில் 300 கிராம் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, சிறு தீயில் 25 நிமிடங்கள் வதக்கினேன். இந்த 25 நிமிடங்களைக் குறைக்கவே கூடாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். பத்தாம் நிமிடத்தில் வெங்காயம் வெந்துவிட்டது போலத் தோன்றும். அப்போது அவசரப்பட்டு மசாலாவைப் போட்டால் குழம்பு தண்ணீராக ஓடும். கரைந்து பசையாகும் வரை காத்திருந்தால் மாவோ அரைத்த தேங்காயோ இல்லாமல் வெங்காயமே குழம்பைத் தாங்கிப் பிடிக்கும்.

மசாலாவைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் இருந்தது. பல் தொகுதி உராய்ந்த இடத்தில் அப்பாவின் ஈறு புண்ணாகியிருந்ததால் காரம் ஆகாது. கடைக் கறித்தூளைத் தவிர்த்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி மல்லித்தூள், ஒரு தேக்கரண்டி சோம்புத்தூள், அரைத் தேக்கரண்டி சீரகத்தூள், நிறத்துக்காக மட்டும் கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள் ஆகியவற்றைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக்கொண்டேன். தூளை அப்படியே சூடான எண்ணெயில் கொட்டினால் நொடியில் கருகிக் கசக்கும் என்பதால் இந்த ஊரில் பலரும் குழைத்தே போடுகிறார்கள். பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ ஆகிய நான்கையும் மலாய்க்காரர்கள் 'எம்பாட் பெராடிக்', அதாவது நான்கு உடன்பிறப்புகள் என்பார்கள். இந்த நால்வரையும் ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து போட்டேன். பல் உள்ளவருக்கே கிராம்பு வாயில் அகப்பட்டால் எரிச்சல் வரும்.

மசாலாவிலிருந்து எண்ணெய் பிரிந்து ஓரங்களில் மினுங்கியதும் இஞ்சி பூண்டு விழுது, கறிவேப்பிலை, ஒரு முடிச்சு பாண்டான் இலை, அதன் பின் தொடைகள், தனியே வேகவைத்த இரண்டு உருளைக்கிழங்குகள், அரைக் குவளை தண்ணீர். அதற்கு மேல் ஊற்றவில்லை. மூடி வைத்தால் கோழி தானே நீர் விடுகிறது. தளதளவென்று கொதிக்கவிடாமல், மேற்பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழ் எழும் அளவுக்குத் தீயைத் தணித்து 45 நிமிடங்கள் வைத்தேன். ஓய்வுபெற்றபோது வாங்கிய வெப்பமானியைத் தொடையின் தடித்த பகுதியில் குத்திப் பார்த்தேன். 88 பாகை காட்டியது. கடைசியில் ஒரு நறுக்கிய தக்காளியும், சந்தையில் பிழிந்து வாங்கிய தேங்காய்ப்பால் அரைக் குவளையும் சேர்த்தேன். தேங்காய்ப்பால் விட்ட பிறகு கொதித்தால் திரிந்துவிடும் என்பதால் ஆவி பறந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன்.

எலும்பிலிருந்து கறி கரண்டியின் முதுகால் தொட்டவுடன் கழன்று வந்தது. அதைக் குழைந்த சோற்றின் மேல் வைத்து, கிழங்கை மசித்து, குழம்பை விட்டுக் கொடுத்தேன். அப்பா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். பேசாமல் சாப்பிடுவது அவர் வழக்கமன்று; உப்பையாவது குறை சொல்வார். இரண்டாம் முறையும் சோறு கேட்டார்.

12 நவம்பர், புதன்

மருத்துவரிடம் மெழுகு அச்சுப் பார்க்கப் போய் நேரமாகிவிட்டது. வரும் வழியில் நாசி கண்டார் கட்டிக்கொண்டு வந்தேன். தோளில் காவடி போலக் கம்பைச் சுமந்து சோறு விற்ற தமிழ் முஸ்லிம்கள் பினாங்குக்குத் தந்த உணவு இது; எல்லாக் குழம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றும் 'குவா பஞ்சிர்' அப்பாவுக்கு எப்போதும் பிடிக்கும். இன்று நாலாவது வாயில் ஈறு எரிந்து கண்ணீர் வந்துவிட்டது. என் தவறுதான். மீந்ததை நான் சாப்பிட்டேன்.

15 நவம்பர், சனி

மாலையிலிருந்து மழை, பினாங்கு மலை தெரியவே இல்லை. அப்பாவுக்கு இலேசாகச் சளி பிடித்திருந்ததால் கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி வாங்கிவந்து ரசம் வைத்தேன். பண்ணைக் கோழியை ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரங்களிலேயே சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கம்பத்துக் கோழி அதைவிட வெகு நாள் ஓடியாடி வளர்வதால் அதன் திசுக்கள் இறுகியிருக்கும்; அந்த இறுக்கம்தான் நீண்ட நேரம் கொதிக்கும்போது சாறாக இறங்குகிறது. ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் வைத்து, இடிகல்லில் தட்டிய சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், மிகச் சிறிதளவு மிளகு சேர்த்து இறக்கினேன்.

அந்தக் கறியை அப்பாவால் மெல்ல முடியாது என்பது தெரிந்ததே. நெஞ்சுப் பகுதியை மட்டும் எடுத்து, நார் ஓடும் திசைக்குக் குறுக்காகக் கூரிய கத்தியால் அரிசி அளவுக்கு நறுக்கி ரசச் சோற்றில் கலந்தேன். நீள நார் குறுகிவிட்டால் நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையிலேயே அது நசுங்கிவிடுகிறது. முதல் நாள் வீணாக்கிய நெஞ்சுக்கறியையும் இப்படிச் செய்திருக்கலாம். காலையும் கழுத்தையும் நான் கடித்துக்கொண்டிருந்ததை அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் சங்கடமாகப் போய், எழுந்து சமையலறையில் நின்று சாப்பிட்டு முடித்தேன்.

19 நவம்பர், புதன்

கார்த்திகை பிறந்துவிட்டதால் எதிர்வீட்டார் மாலை அணிந்துவிட்டார். ஞாயிறுதோறும் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்துப் பழகியிருந்தேன். இனிமேல் அந்தக் கிண்ணமும் நமக்கே. நேற்றைய குழம்பை இன்று சூடாக்கிச் சாப்பிட்டோம். ஓரிரவு கடந்த குழம்பில் மசாலா ஒன்றோடொன்று கூடிவிடுகிறது.

25 நவம்பர், செவ்வாய்

புதுப்பல் வந்தது. அதைக் கொண்டாடுவதற்காகக் கோழிக்கால்களை முழுதாகவே வாங்கி, இம்முறை மிளகாயைச் சற்றுக் கூட்டி, எலும்போடு தட்டில் வைத்தேன். அப்பா இரண்டு கைகளாலும் காலைப் பிடித்து மும்முரமாகக் கடித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். மேல்தகடு அண்ணத்தை மூடிக்கொண்டிருப்பதால் குழம்பின் சூடே தெரியவில்லை, ரப்பரை மெல்லுவது போல இருக்கிறது என்றார். புதுத் தொகுதி பழகச் சில வாரங்களாகும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததை நான் நினைவூட்டினேன்.

அவர் எழுந்து போய்ப் பல்லைக் கழற்றிக் குவளை நீரில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "காப்பிக் கடைக்குப் போறப்ப போட்டுக்கிறேன். நீ போன வாரம் செஞ்ச மாதிரி எடுத்துக் குடு, தம்பி" என்றார்.

கறியை எலும்பிலிருந்து கழற்றி, கிழங்கை மசித்துக் கொடுத்தேன். நாளைக்கு ஆறு தொடைகளுக்கு உப்பும் மஞ்சளும் தடவி வைத்தாயிற்று.