கணினி சொன்ன மீத்தேன், கருவி சொன்ன மீத்தேன்

எம்.இ. ப்ராஜெக்டுக்கு எனக்குக் கிடைத்தது, தமிழ்நாட்டு மெக்கானிக்கல் மாணவர்கள் பலரும் ஏதோ ஒரு லேபில் பார்த்திருக்கும் என்ஜின்தான்: கிர்லோஸ்கர் டிவி1. ஒற்றை சிலிண்டர், 87.5 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 1500 ஆர்பிஎம்மில் 5.2 கிலோவாட். கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் கல்லூரியில் அதன் இன்லெட் குழாயில் சி.என்.ஜி. (பெரும்பாலும் மீத்தேன்தான்) விட்டு, டீசலும் வாயுவும் சேர்ந்து எரியும்படி மாற்றியிருந்தார்கள். மீத்தேன் தானாகப் பற்ற ஏறக்குறைய 540 டிகிரி சூடு வேண்டும். டீசலுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அதனால் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி முதலில் அதைப் பற்றவிடுவார்கள். பைலட் என்று பெயர். அந்தத் தீ வாயுவுக்குப் பரவும். இதையெல்லாம் கணினியில் ஓட்டி, புகையில் என்ன வரும் என்று சொல்ல வேண்டியது என் வேலை.

விலைகொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு வழியில்லை, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம்தான். டீசலைப் பீய்ச்சும் நாசிலில் மூன்று துளை இருப்பதால் சிலிண்டரை முழுதாக வரையாமல் 120 டிகிரித் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். இன்லெட் வால்வு மூடும் நேரத்திலிருந்து எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்வரைதான் கணக்கு. கணக்கில் டீசலுக்குப் பதிலாக என்-ஹெப்டேன் என்ற ஒற்றை வேதிப்பொருளை வைப்பது வழக்கமான ஏற்பாடு. மீத்தேன் எரிவதற்கான வினைத்தொகுதிகளில் பேர்போன ஜிஆர்ஐ-மெக் 3.0-இல் 53 வேதிப்பொருள்கள், 325 வினைகள் உண்டு. ஆனால் ஹெப்டேன் கிடையாது. அதை அப்படியே போட்டால் பைலட் பற்றவே பற்றாது. சுருக்கிய ஹெப்டேன் வினைத்தொகுதி ஒன்றோடு இணைத்து, ஒரே வினை இரண்டு முறை வராமல் களையெடுத்தேன். பொறுமை இருந்தால் போதும், அறிவு அதிகம் வேண்டாம்.

அழுத்த வரைபடத்தைப் பொருத்துவதில்தான் நாள் போனது. எரிபொருள் இல்லாமல் மோட்டாரால் சுழற்றி எடுத்த அழுத்தத்தின் உச்சம், பிஸ்டன் மேலே உச்சியில் நிற்கும் டிடிசி புள்ளியில் சரியாக விழாது. வெப்பம் சுவருக்குப் போய்விடுவதால் சற்று முன்பே விழும். அதை டிடிசி என்று எடுத்துக்கொண்டால் வெப்ப வெளியீட்டுக் கணக்கு மொத்தமும் நகர்ந்துவிடும். இதைச் சரிசெய்த பிறகு மாடல் நன்றாகவே ஒத்துவந்தது. வாயு கூடக்கூட டீசல் பற்றுவது தாமதமாவதையும் காட்டியது: மீத்தேன் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கிறது, கலவையின் வெப்பக் கொள்ளளவையும் கூட்டுகிறது, அமுக்கச் சூடு குறைகிறது. நாக்ஸ் எனும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் ஏறுமுகம் இறங்குமுகம் எல்லாம் சரியாக வந்தது.

எச்.சி.யில்தான், அதாவது எரியாமல் வெளிவரும் ஹைட்ரோகார்பன்களில்தான் சிக்கல். குறைந்த லோடில், எரியாத மீத்தேன் ஏராளம் என்றது மாடல். லேபில் இருந்த ஐந்து வாயு அனலைசரோ அதில் சிறு பங்கைத்தான் காட்டியது. "மெஷ்ல கிரெவிஸைக் குறைச்சிடு தம்பி, எண் இறங்கிடும்" என்று சீனியர் ஒருவர் யோசனை சொன்னார். இறங்கும்தான். மெஷ் என்பது சிலிண்டரைச் சிறு கட்டங்களாக வெட்டிய கணினி வரைவு; கிரெவிஸ் என்பது பிஸ்டன் ரிங்குக்கு மேலுள்ள இடுக்கு. அதில் தீ நுழையாது, அங்கே பதுங்கும் வாயு எரியாமல் வெளியே வரும். அந்த இடுக்கையே அழித்துவிட்டால் எண் அழகாகத்தான் இருக்கும்.

எனக்கு உறுத்தியது வேறு. என் கணக்கில் வால்வுகள் மூடியே இருக்கின்றன. நிஜ என்ஜினில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் வாயு நேராக எக்ஸாஸ்டுக்கு ஓடும். டிவி1-இல் அது கிராங்க் சுழற்சியில் 9 டிகிரிதான், சொற்பம். ஆனாலும் கருவி காட்டுவது மாடலைவிடக் கூடத்தானே வேண்டும்? எப்படிக் குறையும்?

கைடு சார் அனலைசர் மேனுவலை எடுத்துவரச் சொன்னார். எச்.சி.யை அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் கருவி, ஹெக்சேனுக்கு அளவுசெய்தது. பெட்ரோல் வண்டிப் புகைக்குப் பொருந்தும். மீத்தேன் அந்த ஒளியை விழுங்கும் அலைநீளம் சற்றுத் தள்ளியிருப்பதால் அதன் கண்ணில் மீத்தேன் அரைகுறையாகத்தான் படும்.

புகையைச் சிறு தீயில் எரித்து, உண்டாகும் அயனிகளைக் கொண்டு மீத்தேனையும் சேர்த்து அளக்கும் எஃப்ஐடி கருவி வேண்டும். ஓசூரில் ஒரு சோதனைக்கூடத்தில் சாருக்குத் தெரிந்தவர் இருந்தார். என்ஜினைத் தூக்கிப்போக முடியாது. புகையைப் பையில் பிடித்துப் போனேன். டீசலின் கனமான ஹைட்ரோகார்பன்கள் பை ஆறியதும் சுவரில் படிந்துவிடும், அவற்றுக்கு இந்த வழி உதவாது. மீத்தேன் படியாது. ஊதிய பைகளை மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஏறியவனைக் கண்டக்டர் பார்த்த பார்வை இருக்கிறதே! "என்னாப்பா இது?" "காத்துங்கண்ணா." பொய்யில்லை, பெரும்பகுதி காற்றுதான்.

எஃப்ஐடி காட்டிய மீத்தேன் எங்கள் அனலைசரைவிட மடங்குக்கணக்கில் கூட, மாடலைவிடச் சற்றே கூட. கிரெவிஸ் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகுதான் மாடல் காட்டும் படங்களை நம்பிப் பார்த்தேன். குறைந்த லோடில் மூன்று பைலட் தாரைகளைச் சுற்றியே தீ நிற்கிறது; இடையிலுள்ள மெலிந்த கலவைக்குள் பரவாமல் அணைந்துவிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு சூடேற்றும். புகை கறுப்பாக இல்லை என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. பைலட் டீசலைக் கூட்டினால் மீத்தேன் இறங்கியது, நாக்ஸ் ஏறியது. காற்றைக் கொஞ்சம் நெரித்துக் கலவையைச் செறிவாக்கியதில் பலன் நன்றாகவே இருந்தது, லோடு ஏறியதும் நெரிப்பைத் திறந்துவிட்டால்.

ஃபைல்களை இப்போது ஜூனியர் வைத்திருக்கிறான். மாங்கூழ் ஆலைக் கழிவின் பயோகேஸை இதே என்ஜினில் விடப்போகிறான். அதில் கார்பன் டை ஆக்சைடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இருக்கும், தீ இன்னும் மெதுவாகப் பரவும். பைகளை அவனிடமே கொடுத்துவிட்டேன்.