தீர்ப்பு வந்தது, பெட் வரவில்லை

போதைக்காகத் திருடிப் பிடிபட்ட என் கொழுந்தனுக்கு மாஜிஸ்திரேட் தண்டனை சொன்ன அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம். ஜெயில் இல்லை என்ற நிம்மதியில் வந்த அழுகை அது. கஷ்டம் இனிமேல்தான் என்பது அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது.

நான் தூத்துக்குடிப் பக்கம். 1999ல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்துக்கு வந்தேன். அப்போது கொழுந்தனுக்கு ஆறு வயது. இந்த வீட்டில் ஆயா (பாட்டி) மட்டும்தான் தமிழ் பேசுவார், மற்றவர்களுக்கு எல்லாம் இங்கிலீஷ்தான். அவனுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தது நான். "அண்ணி" என்று கூப்பிடப் பழக்கியதும் நான்தான். அதனால் இதைக் கொழுந்தன் கதையாக என்னால் சொல்ல முடியாது. என் பிள்ளையின் கதை என்றே சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் 2000களின் நடுவில் 'சுகர்ஸ்' பரவியது. மட்டமான ஹெராயினில் கண்டதையும் கலந்த தூள், புகைப்பார்கள். பெயரில்தான் சர்க்கரை. ஒரு வேளை தவறினால் ஏழெட்டு மணி நேரத்தில் வயிறு முறுக்கும், எலும்புக்குள் வலிக்கும், வியர்த்துக் கொட்டும். அந்த வலிக்குப் பயந்துதான் அவன் திருடினான், சந்தோஷத்துக்காக இல்லை. முதலில் வீட்டுப் பித்தளைக் குழாய்கள், அப்புறம் மாமியாரின் குத்துவிளக்கு. 2019ல் பக்கத்து வீட்டுச் செம்புக் குழாயைக் கழற்றும்போது பிடிபட்டான்.

அதற்கு மூன்று வருஷம் முன்பே நாங்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டின் 70ஆம் எண் சட்டம் இருக்கிறது. அதன் 33ஆம் பிரிவின்படி, வீட்டு ஆள் ஒருவரே சத்தியப் பிரமாணம் எழுதி அரசு வழக்கறிஞரிடம் கொடுக்கலாம்: இவன் போதைக்கு அடிமை, தனக்கும் குடும்பத்துக்கும் கேடு செய்கிறான் என்று. சோஷியல் வொர்க்கர் அறிக்கை வாங்கி, அவனுக்கு சம்மன் அனுப்பி, மாஜிஸ்திரேட் விசாரித்துச் சிகிச்சைக்கு அனுப்ப வழி உண்டு. வழக்கு வேண்டாம், கைவிலங்கு வேண்டாம். யாரோ சொன்னார்கள்தான். பிள்ளையை நாமே கோர்ட்டில் நிறுத்துவதா, கோயிலில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று விட்டுவிட்டோம். இன்றுவரை என் நெஞ்சில் குத்துவது அதுதான்.

சரி, வழக்கு. வக்கீல் வைக்கப் பணம் இல்லை, லீகல் எய்ட் வக்கீல்தான். இளம் பெண், பொறுமையாகப் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டால், தண்டனைக்கு முன் புரொபேஷன் அதிகாரியின் (குற்றம் செய்தவரின் நிலையை வீட்டில் விசாரித்துக் கோர்ட்டுக்கு எழுதுபவர்) அறிக்கையைக் கேட்கலாம் என்றார். அதே சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவரைத் தண்டனைக்குப் பதிலாகவோ தண்டனையோடு சேர்த்தோ சிகிச்சை மையத்துக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.

அந்த அதிகாரி வீட்டுக்கு வந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முந்தின நாள் ராத்திரி என் மாமியார் எல்லோரையும் உட்காரவைத்து, "அவன் நல்ல பிள்ளை, எப்போதாவது ஒருமுறைதான் தொட்டான் என்று சொல்லுங்கள்" என்றார். தாய் மனசு. ஆனால் அப்படிச் சொன்னால் காரியமே கெட்டுவிடும். அவன் அடிமைப்பட்டிருக்கிறான் என்று கோர்ட் நம்பினால்தான் இந்த வழி திறக்கும். கோர்ட் என்றாலே குறையை மறைத்துப் பழகியவர்கள் நாம். இங்கே எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். நான் கொட்டினேன். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை முறை, என்னென்ன விற்றான், இரண்டு முறை தானாகவே விட முயன்று எப்படித் தோற்றான், எல்லாம். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அறிக்கையில் அந்த இரண்டு முயற்சிகளைத்தான் அதிகாரி முக்கியமாக எழுதியிருந்தார்.

எட்டு மாதச் சிறை, மூன்று வருஷத்துக்கு நிறுத்திவைப்பு. கூடவே சிகிச்சை மையத்தில் சேர்க்க உத்தரவு. சட்டம் அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் வரை அனுமதிக்கிறது, அவன் போன அரசு மையத்தில் திட்டம் ஒன்பது வாரம். ஆனால் மையத்தில் பெட் காலி இல்லை. இடம் வரும்வரை எங்கள் பொறுப்பில் வீட்டில் இருக்கலாம் என்றார்கள்.

பதினாறு நாள். சாகும்வரை மறக்க மாட்டேன். மருத்துவ அறிக்கை வேண்டும், காசநோய் இல்லை என்று காட்ட நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும், அடையாள அட்டை நகல் வேண்டும். அதைவிட, போதை இறங்கும் வலியோடு வருபவனை மையம் எடுக்காது, முதலில் ஆஸ்பத்திரியில் அதை முடித்துவிட்டு வர வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு முறை, "விபத்து, பிரசவம் என்று வருகிறவர்களுக்கே இடம் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை உத்தரவின் நகலை மடியில் வைத்துக்கொண்டு காலை ஆறரையிலிருந்து அங்கேயே உட்கார்ந்தேன். நாலரைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் ஏட்டில் இருக்கிற நல்ல சட்டத்துக்கும் ஒரு கட்டிலுக்கும் நடுவே நடப்பதற்குக் கால் உள்ள ஒருவர் குடும்பத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லாதவர்கள் பிள்ளை என்ன ஆவான் என்று நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதற்கு முன், ஐந்தாம் நாள் ராத்திரி அவன் வெளியே போய்விட்டான். விடியும்போது வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். "அண்ணி, முடியல" என்றான். என் கணவர் போலீசைக் கூப்பிடலாம் என்றார். நான் புரொபேஷன் அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் அவனோடு இருபது நிமிஷம் பேசினார். உத்தரவு ரத்தாகாமல் தப்பியது.

ஒன்பது வாரம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவோம், எடை கூடிக்கொண்டே வந்தது.

வெளியே வந்த பிறகு ஒன்றை அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். வாரக்கணக்கில் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். மையத்து நர்ஸ் சொல்லிக்கொடுத்தது இது. நாலாம் மாதம் ஒருமுறை சறுக்கினான். உயிர் பிழைத்தான், அன்றைக்கே என்னிடம் சொல்லவும் செய்தான். மறுநாள் கவுன்சிலரிடம் கூட்டிப்போனேன். அதன் பிறகு தொடவில்லை. இப்போது டைல்ஸ் போடும் வேலை, மாமியாருக்குப் புதுக் குத்துவிளக்கும் வாங்கிக்கொடுத்துவிட்டான்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். பத்தொன்பது வயதுப் பையன், இன்னும் எந்த வழக்கும் இல்லை. அவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பிரமாணம் எழுதவைத்தேன். பிராசிக்யூட்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் கை நடுங்கியது, பிடித்துக்கொண்டேன். அந்தப் பையனுக்கும் இன்னும் பெட் கிடைக்கவில்லை. ஃபைல் என் வீட்டில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே மட்டும் பாக்கி, திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன்.