காதல் நாவல டிஜிட்டல் பதிப்பகத்துக்கு அனுப்பி, பதில் வர்ற வரைக்கும்

நாவல் ஓகே ஆயிருச்சுன்னு தெரிஞ்சதுலருந்து இங்க மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எழுதுற பொண்ணுங்க சில பேரு எப்படிக்கா அனுப்புனீங்க, எவ்வளவு நாள் ஆச்சு, காசு கேட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதான் நடந்தத நடந்தபடி எழுதுறேன். காசு கேக்கல, அத முதல்லயே சொல்லிடுறேன். நம்மகிட்ட பணம் வாங்கிட்டு புக்கு போட்டுத் தர்றவங்களும் இருக்காங்க, அது வேற வியாபாரம், நான் அனுப்புனது படிச்சுப் பாத்து பிடிச்சா மட்டும் எடுத்துக்கிட்டு, வித்ததுல ராயல்டி குடுக்குற இடம். இபுக் மட்டும்தான், அச்சு கிடையாது.

அமேசான் கிண்டில்ல நாமளே இபுக்கா போட்டுக்கலாமேன்னு மதினி கேட்டாக. போடலாம், 2016லருந்து தமிழுக்கும் அந்த வசதி இருக்கு, ராயல்டியும் 35 இல்லன்னா 70 சதவீதம் வரும். ஆனா எனக்கு என் கதைய வரி வரியா படிச்சு இது நிக்கிது, இது நிக்கலன்னு சொல்ற எடிட்டர் ஒருத்தர் வேணும்னு ரொம்ப நாளா ஆச. வீட்டுல எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாக, அது பத்தாது.

கதையையும் கொஞ்சம் சொல்லிடுறேன், இல்லன்னா பின்னாடி எடிட்டர் கேட்டது புரியாது. ஹீரோயின் கடலுக்குள்ள முங்கி கடல்பாசி எடுக்குற பொண்ணு, அவ அப்பா நாட்டுப்படகுக்காரரு. ஹீரோ விசைப்படகு டிரைவர். நம்ம கரையில விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், மத்த நாள் நாட்டுப்படகுக்குன்னு ஏற்பாடு இருக்குல்ல, அதனால அவ அப்பா கடல்ல இருக்குற அன்னிக்குத்தான் இவன் கரையில இருப்பான், இவன் போற அன்னிக்கு அவரு வீட்டு வாசல்ல உக்காந்திருப்பாரு. ரெண்டு தொழிலுக்கும் நடுவுல இருக்குற சண்டையே இவங்க பாத்துக்குறதுக்கு நாள் குறிச்சுக் குடுக்குது. இந்த ஒரு விசயம் மனசுல விழுந்த பிறகுதான் நாவலே எழுத ஆரம்பிச்சேன்.

அனுப்புறதுக்கு முன்னாடி பெரிய வேலை ஃபைல சரி பண்றதுதான். பாதி நாவல பழைய பாமினி ஃபாண்ட்ல டைப் பண்ணி வச்சிருந்தேன், மீதி போன்ல பேசிப் பேசி டைப் பண்ணது. அவங்களுக்கு எல்லாமே யூனிகோட்ல ஒரே வேர்டு ஃபைலா வேணும். கன்வெர்ட்டர்ல போட்டா வந்துரும், ஆனா வந்தத அப்படியே அனுப்பாதீங்க. "ர்" வர வேண்டிய இடத்துல துணைக்காலு மேல புள்ளி வச்ச மாதிரி ஒண்ணு வந்து உக்காந்துருது, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும், தேடிப் பாத்தா சிக்காது, இபுக்கா மாத்துறப்ப சில போன்ல புள்ளி வட்டமா காட்டும். ஃபைண்ட் ரீப்ளேஸ்ல மொத்தத்தையும் மாத்துனேன், அப்புறமும் ஒரு தடவை சத்தமா வாசிச்சேன். "ஔ" எழுத்தும் இப்படித்தான், "ஒ" தனியா "ள" தனியா நிக்கும். பேசி டைப் பண்ண பகுதியில பிரச்சன வேற, முற்றுப்புள்ளியே இருக்காது, நம்ம ஊரு பேச்ச அது வேற எதாவதா மாத்தி எழுதி வச்சிருக்கும். ராமநாதபுரத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்துதான் கடைசி திருத்தம் பண்ணேன், இங்க கரண்டும் நெட்டும் சேந்து இருக்குற நேரம் கம்மி.

அவங்க கேட்டது முதல் மூணு அத்தியாயம், கதைச்சுருக்கம், நம்மளப் பத்தி நாலு வரி. கதைச்சுருக்கத்துல முடிவையும் சொல்லணும். நிறைய பேரு சஸ்பென்ஸ் போயிரும்னு கடைசிய மறைக்கிறாங்க, அது புக்கு பின்னட்டைக்கு சரி, எடிட்டருக்குக் கூடாது. காதல் நாவல்னா ரெண்டு பேரும் சேருறாங்களா, எப்படி சேருறாங்க, நடுவுல எது தடுக்குதுன்னு அவங்க ஒரு பக்கத்துல பாத்தாகணும். அப்புறம் இந்தக் கதை வேற எங்கயும் தொடரா வந்திருக்கான்னு ஒரு கேள்வி. பிரதிலிபி மாதிரி ஆப்ல ஏற்கெனவே போட்டிருந்தா உள்ளத சொல்லிருங்க, ஏன்னா எக்ஸ்க்ளூசிவ் உரிமை குடுத்துட்டு வேற இடத்துலயும் கதை கிடந்தா நாளைக்கு சிக்கல் நமக்குத்தான்.

அனுப்புனது மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்ச நேரம். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, அதனால எங்க வீட்டுல இவுகளும் கரையிலதான் இருந்தாக, படகுக்குப் பெயிண்ட், வலை வேலைன்னு. நிவாரணம் 8000 ரூபா எப்ப அக்கவுண்ட்ல ஏறும்னு இவுக போனப் பாக்குறதும் மெயில் வந்துச்சான்னு நான் போனப் பாக்குறதும் ஒரே நேரத்துல நடந்துச்சு. பதில் வர மூணு மாசம் ஆகும்னு அவங்க முன்னாடியே எழுதியிருந்தாங்க, அது வரைக்கும் வேற இடத்துக்கு அனுப்பக் கூடாதுன்னும் போட்டிருந்தாங்க. தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கெளம்பிப் போயிருச்சு, மெயில் வரல. சொன்ன மூணு மாசமும் தாண்டிருச்சு.

அந்த நாளு கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி எந்திரிச்சு ஸ்பேம் ஃபோல்டரு வரைக்கும் பாப்பேன். ஆனா பதில் வரலன்னா வேண்டாம்னு அர்த்தம் இல்ல, நெறய பேரு இங்கதான் விட்டுட்டுப் போயிர்றாங்க. கெடு தாண்டுன பிறகு நாம கேக்கலாம், அது நம்ம உரிமை, கெஞ்சவும் வேணாம் கோபப்படவும் வேணாம். நாவல் பேரு, அனுப்புன தேதி, எவ்வளவு வார்த்தை, இப்ப எந்த நிலையில இருக்குன்னு தெரிஞ்சுக்கலாமான்னு ஒரு கேள்வி, அவ்வளவுதான் எழுதுனேன். அந்த வாரமே பதில் வந்துச்சு, முதல்ல படிச்சவங்களுக்குப் பிடிச்சிருக்கு, ரெண்டாவது ஆளுகிட்ட ஃபைல் இருக்கு, முழு நாவலையும் அனுப்புங்கன்னு. அதுக்குள்ள நான் அடுத்த கதைக்கு மூணு அத்தியாயம் முடிச்சிருந்தேன், காத்திருக்கிற காலத்துல என்னைத் தாங்குனது அந்த வேலைதான்.

முழுசும் படிச்சுட்டு எடிட்டர் போட்ட கடிதம் இன்னும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். எடுத்துக்குறோம்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல, திருத்தி அனுப்புனா மறுபடி பாக்குறோம்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் நேருக்கு நேரா சந்திக்கிறது ரொம்பத் தள்ளி வருது, இபுக் வாசகர் இலவச மாதிரிப் பக்கத்தப் படிச்சுத்தான் வாங்குவாங்க, அந்தப் பக்கத்துக்குள்ள ஹீரோ வரணும்னாங்க. நியாயம். பாம்பன் ஜெட்டியில ரெண்டு தரப்புக்கும் நடக்குற வாக்குவாதத்த முதல் அத்தியாயத்துக்குக் கொண்டு வந்து அங்கயே ரெண்டு பேரையும் நிக்க வச்சேன், கதை உசுரோட எந்திரிச்சு உக்காந்த மாதிரி இருந்துச்சு.

ஆனா ஒண்ணு நான் விட்டுக்குடுக்கல. பாசி எடுக்குற பகுதி நீளம், பொண்ணுங்க இப்படி கடலுக்குள்ள முங்கி எடுக்குறது வாசகருக்கு நம்பும்படியா இருக்குமான்னு கேட்டிருந்தாங்க. நான் விவரமா பதில் எழுதுனேன். விரல்ல துணிய சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, இடுப்புல பைய கட்டிக்கிட்டு மன்னார் வளைகுடாவுல எங்க பொண்ணுங்க தலைமுறையா முங்குறாங்க. பாசி அழியக் கூடாதுன்னு மாசத்துல 12 நாள்தான் எடுக்குறதுன்னு அவங்களே பேசி முடிவு பண்ணிருக்காங்க, பாம்பன் பக்கத்துல சின்னப்பாலத்துல பாசி எடுக்குற லட்சுமி அக்காவுக்கு 2015ல சீகாலஜிங்கிற அமெரிக்க அமைப்பு விருது குடுத்து அமெரிக்கா வரைக்கும் கூப்பிட்டாங்க. இதெல்லாம் எழுதி, ஹீரோயின் முங்கி எந்திரிக்கிற அந்த இடத்துலதான் அவன் முதல்முதலா அவ தொழிலுக்கு மரியாத குடுக்குறான், அத எடுத்தா காதலே நிக்காதுன்னு சொன்னேன். ஒரு வரி கூட வெட்டாம ஒத்துக்கிட்டாங்க. எனக்கு அன்னிக்கு வந்த சந்தோசம் நாவல் ஓகேன்னு மெயில் வந்தப்ப கூட வரல.

ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிருன்னு வீட்டுல அவசரப்படுத்துனாக, நான் மொதல்ல முழுசா படிச்சேன். எத்தன வருசத்துக்குன்னு போட வேண்டிய இடம் காலியா இருந்துச்சு. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 19ஆம் பிரிவு இருக்கு, காலம் எழுதலன்னா அஞ்சு வருசம்னு எடுத்துக்கும், எந்த ஊருக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ளன்னு எடுத்துக்கும். இருந்தாலும் சட்டம் பாத்துக்கும்னு விடாம மூணு வருசம்னு எழுதிக் கேட்டேன், குடுத்தாங்க. ஆடியோ, மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாத்தையும் ஒரே வரியில சேத்திருந்தாங்க, இபுக் மட்டும் இப்ப தர்றேன், மத்தது வந்தா தனியா பேசுவோம்னு மாத்தச் சொன்னேன். ஆடியோவுக்கு மட்டும் முதல்ல எங்ககிட்ட கேக்கணும்னு ஒரு வரி சேத்தாங்க, அது பரவால்ல. ராயல்டி விக்கிற விலையிலயா, கடைக்காரன் கழிச்சது போக கைக்கு வர்றதுலயான்னும் கேட்டு எழுத வச்சேன், ரெண்டுக்கும் வித்தியாசம் பெருசு. கேட்டா நாவல வேண்டாம்னு சொல்லிருவாங்களோன்னு பயப்படாதீங்க, ஒழுங்கான இடம்னா கேள்விக்குப் பதில் சொல்லும்.

இப்ப அட்டைப்பட வேலை நடக்குது. முதல்ல வந்த படத்துல ஹீரோயினுக்குப் பின்னாடி விசைப்படகு நிக்கிது, அவ அப்பாவோட நாட்டுப்படகுதான் நிக்கணும்னு நம்ம கரையில எடுத்த போட்டோ அனுப்பிருக்கேன். மாத்தி வந்ததும் வெளிவர்ற தேதி சொல்லுவாங்களாம், தெரிஞ்சதும் இங்கயே போடுறேன். ஒப்பந்தத்துல எதாவது வரி புரியலன்னா கேளுங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.